ஒரு கடையில் ஒரு பண்டம்: வட ஸ்பெயினில் சாப்பிட்ட நாட்கள்

செப்டம்பர் 30, செவ்வாய். லொக்ரோன்யோ

ஆறரை மணிக்கே அக்காவுக்கும் எனக்கும் நல்ல பசி. விடுதியில் இருந்த பெண்ணிடம் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எட்டு மணிக்கு மேல் லவுரெல் தெருவுக்குப் போங்கள்" என்றார். எந்தக் கடை என்று கேட்டதற்கு, ஒரு கடை இல்லை, நாலைந்து கடை என்று விரலை மடக்கிக் காட்டினார்.

போனபிறகுதான் புரிந்தது. நடந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் சந்து அது. இரண்டு பக்கமும் சின்னச் சின்ன பார்கள். ஒவ்வொன்றும் ஒரு பண்டத்துக்குப் பேர்போனது. ஒரு இடத்தில் ஒன்றைச் சாப்பிட்டு, ஒரு சிறு கிளாஸ் ரியோகா ஒயின் குடித்து, அடுத்த கடைக்கு நகர்ந்துவிட வேண்டும். உட்கார்ந்து முழுச் சாப்பாடும் ஒரே இடத்தில் கேட்பது இந்தத் தெருவின் வழக்கம் இல்லை. ஊர்க்காரர்கள் இதற்கு 'யானைகளின் தடம்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்பானிஷில் 'த்ரோம்பா' என்றால் தும்பிக்கை, போதை என்றும் பொருள்.

நாங்கள் முதலில் நுழைந்தது பார் சொரியானோ. அங்கே காளான் மட்டும்தான். இரும்புக் கல்லில் காளான் குடைகளைக் கவிழ்க்காமல், குழி மேலே பார்க்க அடுக்கியிருக்கிறார்கள். குழிக்குள் பூண்டுச் சாறு கொதிக்கிறது. மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் குச்சியில் குத்தி, உச்சியில் ஒரு இறால் வைத்து, ரொட்டித் துண்டில் நட்டுத் தருகிறார்கள். ருசி காளானில் பாதி, அடியில் சாறு ஊறிய அந்த ரொட்டியில் பாதி. அதை மிச்சம் வைத்துவிடாதீர்கள்.

அக்கா சைவம். முட்டை மட்டும் சாப்பிடுவாள். "சின் காம்பா" என்று சொன்னதும் இறாலை எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள். கல் ஒன்றுதானே என்று நான் தயங்கினேன். அவள் "பரவால்லடா தம்பி, ஊர் சுத்த வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு இரண்டு சாப்பிட்டாள். மது தொடாதவர்களுக்கு இங்கே மோஸ்தோ என்று ஒரு திராட்சைச் சாறு எல்லா பாரிலும் கிடைக்கிறது. ஒயின் கிளாஸில்தான் ஊற்றுகிறார்கள்.

அக்டோபர் 2, வியாழன். சான் செபாஸ்தியான்

பேருந்தில் வந்து சேர்ந்தோம். இந்தப் பகுதியின் பாஸ்க் மொழியில் ஊரின் பெயர் தொனோஸ்தியா. மழை தூறிக்கொண்டே இருந்தது.

பழைய நகரத்தில் எந்த பாருக்குள் நுழைந்தாலும் கவுண்டர் முழுக்கத் தட்டுகள். ரொட்டிமேல் நண்டு, கருவாட்டு மீன், முட்டை, மயோனைஸ் என்று அடுக்கியிருக்கிறது. இவற்றுக்குப் பின்ச்சோ என்று பெயர். முதல் கடையில் கண்ணில் பட்டதையெல்லாம் தட்டில் எடுத்துக்கொண்டோம். எல்லாம் ஆறிப்போயிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் சுவரில் இருந்த கரும்பலகையைக் காட்டினார். ஊர்க்காரர்கள் பலகையைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். சூடானது எல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது, கேட்டால் உள்ளே இருந்து சமைத்து வரும். கவுண்டரில் இருந்து எடுப்பதாக இருந்தால் ஹில்தா மாதிரி குளிர்ந்தே சாப்பிட வேண்டியதை எடுங்கள். ஒரு குச்சியில் ஆலிவ் காய், நெத்திலி, ஊறவைத்த பச்சை மிளகாய். 1946இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தின் நாயகி பெயர்தான் அதற்கு. பச்சை, உப்பு, கொஞ்சம் காரம் என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். மிளகாயில் காரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் அந்தப் புளிப்பு உப்போடு சேரும்போது நாக்கு விழித்துக்கொள்கிறது.

அப்புறம் கன்பாரா என்ற பார். இது காட்டுக்காளான் காலம். கவுண்டரில் நாலைந்து வகைக் காளானைக் குவித்து வைத்திருக்கிறார்கள். வதக்கி, நடுவில் பச்சை மஞ்சள்கரு ஒன்றை வைத்துத் தருகிறார்கள். முள்கரண்டியால் கருவை உடைத்துக் கலந்து சாப்பிட வேண்டும். விலை அதிகம்தான். இந்தப் பயணத்தில் அக்கா மனம் நிறைந்து சாப்பிட்ட முதல் தட்டு இது. ரொட்டியால் தட்டைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

வியாழன் மாலையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குரோஸ் பகுதியில் 'பின்ச்சோ போதே' நடக்கிறது. ஒரு சிறு கிளாஸும் ஒரு பின்ச்சோவும் சேர்த்து மலிவு விலை. இளைஞர் கூட்டம். சாப்பாடு சுமார்தான். ஊர் எப்படிப் பேசுகிறது, சிரிக்கிறது என்று பார்ப்பதற்குப் போகலாம்.

அக்டோபர் 3, வெள்ளி. சான் செபாஸ்தியான்

இன்று ஒரு முட்டை ஆம்லெட்டுக்காகக் காலையைச் செலவழித்தோம். வருத்தமே இல்லை.

பார் நெஸ்தோரில் உருளைக்கிழங்கு தோர்த்தியா நாளைக்கு இரண்டுதான் போடுகிறார்கள். மதியம் ஒன்று, இரவு ஒன்று. முன்கூட்டியே போய்ப் பெயர் எழுதிவைத்தால்தான் துண்டு கிடைக்கும். பன்னிரண்டு மணிக்கு முன்பே வாசலில் வரிசை. ஒரு மணிக்குக் கதவைத் திறந்து, சட்டியோடு தோர்த்தியாவைக் கொண்டுவந்து, கேக் போல வெட்டிப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். வெளியே பொன்னிறம், உள்ளே கூழுக்கும் கெட்டிக்கும் நடுவில் ஒரு பதம். வெங்காயமும் குடைமிளகாயும் உருளையோடு கரைந்து இனிப்பாக இருந்தன. கூடவே தக்காளித் தட்டு. பெரிய பெரிய துண்டுகள், ஆலிவ் எண்ணெய், கல் உப்பு, அவ்வளவுதான். பக்கத்து மேசைகளில் எல்லோருக்கும் எலும்போடு சுட்ட மாட்டிறைச்சி, சுலேத்தா. நானும் கொஞ்சம் சாப்பிட ஆசைப்பட்டேன். ஆனால் முழுத் துண்டாகத்தான் தருவார்கள், ஒரு ஆளுக்கு ஆகாது.

அங்கிருந்து ஆகஸ்ட் 31 தெரு. 1813இல் அந்தத் தேதியில் பிரிட்டிஷ், போர்த்துக்கீசியப் படைகள் நகரைப் பிடித்தபோது ஊரே எரிந்துபோனது. இந்தத் தெருதான் தப்பியது. லா வீன்யா இங்கேதான் இருக்கிறது. உலகம் முழுக்க இப்போது 'பாஸ்க் சீஸ்கேக்' என்று விற்பது இந்த பாரில் பிறந்தது. சுவரோடு தட்டுகளில் வட்ட வட்டமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், காகிதத்தைக்கூடப் பிரிக்காமல். மேல்பகுதி கருகியே இருக்கிறது. கருகல் கசப்பும் உள்ளே இளகிய பாலாடைக்கட்டியும் ஒன்றாக வாயில் போக வேண்டும். அக்கா கருகலை ஒதுக்கப் பார்த்தாள், தடுத்துவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு. பில்பாவோ

எல்லோரும் குக்கன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு வருகிறார்கள். நாங்களும் பார்த்தோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பில்பாவோவில் இருந்தால் மதியத்துக்கு முன்பே பிளாசா நுயேவாவுக்குப் போய்விடுங்கள். நாலு பக்கமும் வளைவுத் தூண்கள் வைத்த சதுக்கம். நடுவில் பழைய புத்தகம், நாணயம், அஞ்சல்தலை விற்கிறார்கள். குழந்தைகள் தரையில் உட்கார்ந்து அட்டைகளை மாற்றிக்கொள்கிறார்கள். சுற்றிலும் பார்கள். 1911 முதல் இருக்கும் கஃபே பார் பில்பாவோ அதில் ஒன்று.

இந்த ஊருக்கு வந்தவர்கள் சாப்பிட வேண்டியது பகலாவோ, அதாவது உப்புக்கண்டம் போட்ட காட் மீன். பக்கத்திலேயே புதுமீன் துடிக்கிற கடல் இருக்க, கருவாட்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று தோன்றும். ஊரில் இதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். குர்துபாய் என்ற வியாபாரி '100 o 120' மீன் வேண்டும் என்று எழுதினாராம். நடுவில் இருக்கும் 'o' என்றால் 'அல்லது'. கடிதம் கிடைத்தவர் அதைப் பூஜ்யமாகப் படித்துப் பத்து லட்சத்துக்கு மேல் அனுப்பிவிட்டாராம். அதே சமயம் ஸ்பெயின் அரியணைக்காக நடந்த கார்லிஸ்ட் போரில் நகரம் முற்றுகைக்குள் சிக்க, அந்த மீன்தான் ஊரைக் காப்பாற்றியது என்பார்கள்.

மதியம் அந்த மீனில் செய்யும் பில்பில் சாப்பிட்டேன். சமையல்காரரைப் பார்க்கும்படி மேசை அமைந்தது என் அதிர்ஷ்டம். மண்சட்டியில் ஆலிவ் எண்ணெய், பூண்டு, மிளகாய். எண்ணெயை ஆறவிட்டு மீனைப் போட்டு, சட்டியை வட்டமாக ஆட்டிக்கொண்டே இருக்கிறார். கரண்டி போடவில்லை. மீன் தோலில் இருந்து இறங்கும் பசை எண்ணெயோடு சேர்ந்து, தெளிவாக இருந்தது மெல்ல மெல்லக் கலங்கி, வெளுத்து, கெட்டியாகிறது. மாவு இல்லை, பால் இல்லை. வெறும் கை ஆட்டம்தான்.

அக்காவுக்கு இங்கே கொஞ்சம் கஷ்டம். தோர்த்தியாவும் மிளகாய் வறுவலும் சாப்பிட்டாள். பேக்கரியில் 'பாஸ்தெல் தே அரோஸ்' வாங்கினோம். பெயரில் அரிசி இருக்கிறது, உள்ளே அரிசி கிடையாது. முட்டை, பால், வெண்ணெய் சேர்த்துச் சுட்ட சின்னக் கிண்ணம்.

அக்டோபர் 7, செவ்வாய். சாந்தாந்தேர்

குறுகிய பாதை ரயிலில் மூன்று மணி நேரம். பச்சை மலை, மாடுகள். இறங்கியதும் ராபாஸ், மாவில் தோய்த்துப் பொரித்த கணவாய். எலுமிச்சை பிழிந்து நின்றுகொண்டே சாப்பிட்டேன். பக்கத்தில் சாந்தோன்யாவின் நெத்திலியும் இங்கே வாங்கலாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிசிலியில் இருந்து வந்தவர்கள் தொடங்கிவைத்த தொழில் அது. வெண்ணெய் தடவிய ரொட்டிமேல் ஒன்றை வைத்தால் போதும்.

இரவு ஒரு உணவகத்தில் "இறைச்சி இல்லாமல்" என்று அக்கா தெளிவாகச் சொல்லியும், காய்கறித் தட்டில் பன்றித் துண்டுகள் வந்தன. பாதி சாப்பிட்ட பிறகுதான் கவனித்தாள். எதுவும் பேசாமல் தட்டைத் தள்ளிவைத்தாள், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பரிமாறியவர் உண்மையாகவே குழம்பிப்போய், "இது ஹமோன்தானே" என்றார். ஹமோன் என்பது உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை. சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'கார்னே', அதாவது இறைச்சி, வேண்டாம் என்றால் பலர் மாட்டுக்கறி என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். 'சின் ஹமோன், சின் அதூன்' என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அதூன் என்பது சூரை மீன். 'என்சலாதா மிக்ஸ்தா' என்கிற சாதாரண சாலட்டிலேயே அது இருக்கும்.

அக்டோபர் 9, வியாழன். ஒவியேதோ

வேலை நாட்களில் மதியம் 'மெனு தெல் தியா' கேளுங்கள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு, ரொட்டி, குடிக்க ஒன்று, எல்லாம் ஒரே விலையில். ஒன்றரைக்கு மேல், மூன்றரைக்குள் போய்விட வேண்டும். அதைத் தவறவிட்டால் இரவு எட்டரை, ஒன்பது வரை அடுப்பு பற்றாது.

ஃபபாதா இந்த ஊரின் சாப்பாடு. கட்டைவிரல் அளவு வெள்ளை அவரை விதை, சொரீசோ என்கிற மிளகாய்த்தூள் சேர்த்த தொத்திறைச்சி, இரத்தத் தொத்திறைச்சி, பன்றி. விதை வாயில் வெண்ணெயாகக் கரைகிறது, ஆனால் ஒரு விதைகூடத் தோல் வெடிக்கவில்லை. கொதிக்கும்போது இரண்டு மூன்று முறை குளிர்ந்த நீர் ஊற்றி அவரையைப் 'பயமுறுத்த' வேண்டும் என்று பரிமாறிய அம்மா சொன்னார். இரவில் இதைச் சாப்பிடாதீர்கள், தூக்கம் வராது.

அக்காவுக்குத் தோர்த்தோஸ் கிடைத்தது. சோளமாவில் தட்டிப் பொரித்தது, மேலே முட்டை. அதற்குப் பிறகு அரோஸ் கோன் லெச்சே. பாலில் அரிசியை வெகுநேரம் கிளறிக் கிளறிக் காய்ச்சி, எலுமிச்சைத் தோலும் பட்டையும் போட்டு, மேலே சர்க்கரை தூவிச் சூட்டுக்கோலால் கருக்குகிறார்கள். கரண்டியால் தட்டினால் கண்ணாடி போல உடைகிறது. "அம்மா இருந்தா இதுல ஏலக்காய் கேட்டிருப்பா" என்றாள். அப்புறம் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மாலையில் கஸ்கோனா தெரு. முழுக்கச் சைடர் கடைகள். பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி, கிளாஸை இடுப்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, கிளாஸைப் பார்க்காமலே ஊற்றுகிறார் ஒருவர். நூல் போல விழுந்து கிளாஸின் விளிம்பில் அடித்துச் சிதறுகிறது. இந்தச் சைடரில் தனியாக வாயு சேர்ப்பதில்லை. விழுகிற வேகத்தில்தான் நுரை எழும், சில நொடிகளில் அடங்கிவிடும். அதனால் இரண்டு விரல் அளவுதான் ஊற்றுவார்கள், ஒரே மடக்கில் குடித்துவிட வேண்டும். கடைசிச் சொட்டை வாய் வைத்த இடத்தைக் கழுவுவதுபோல் தரையில் ஊற்றிவிடுவது வழக்கம், ஒரே கிளாஸ் கைமாறிப் போகும் காலத்தில் வந்தது. ஒவியேதோ இருக்கும் அஸ்தூரியாஸ் பகுதியின் இந்தச் சைடர்ப் பண்பாட்டை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

அக்டோபர் 11, சனி. சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா

அபாஸ்தோஸ் சந்தைக்குச் சனிக்கிழமை காலை போவது நல்லது. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் தங்கள் தோட்டத்துக் கீரையும் முட்டையும் கொண்டுவந்து வெளியே உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே கல் மண்டபங்களில் மீன். சிப்பி, நண்டு என்று பிடித்ததை வாங்கிப் போனால், சந்தைக்குள்ளேயே கூலி வாங்கிக்கொண்டு சமைத்துத் தருகிறார்கள். கத்திச்சிப்பி அரைக் கிலோ வாங்கினேன். கல்லில் சுட்டு, எண்ணெய் தெளித்து, பத்து நிமிடத்தில் மேசைக்கு வந்துவிட்டது.

மதியம் ஆக்டோபஸ். செம்பு அண்டாவில் கொதிக்கும் நீரில் மூன்று முறை முக்கி எடுத்துவிட்டுத்தான் வேகப்போடுகிறார்கள். இதற்கும் அதே பெயர்தான், 'பயமுறுத்துவது'. வெந்த காலைக் கத்தரிக்கோலால் துண்டுதுண்டாக மரத்தட்டில் வெட்டி, கல் உப்பு, மிளகாய்த்தூள், ஆலிவ் எண்ணெய். அக்காவுக்குப் பத்ரோன் மிளகாய் வறுவல். 'சில காரும், சில காராது' என்று இந்தக் கலீசியா பகுதியில் சொலவடையே உண்டு. முப்பது மிளகாயில் இரண்டுதான் காரியது, இரண்டும் அவளுக்கே வந்தன. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மாலையில் சான் பாயோ மடத்துக்குப் போனோம். பெனடிக்டைன் கன்னியாஸ்திரிகள் வாதுமைக் கேக் செய்து விற்கிறார்கள். உள்ளே இருப்பவர் முகம் தெரியாது. சுவரில் ஒரு சுழல் மரப்பெட்டி. மணி அடித்தேன். ஒரு மூதாட்டியின் குரல் வந்தது. எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் ஒன்று என்றேன். பணத்தை வைத்ததும் பெட்டி சுழன்று உள்ளே போனது, திரும்பி வந்தபோது வெள்ளை அட்டைப்பெட்டி, மேலே சில்லறை.

கின்தானா சதுக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பிரித்தோம். மாவே சேராத கேக். வாதுமை, முட்டை, சர்க்கரை மட்டும். மேலே தூவிய சர்க்கரையில், இந்த ஊரின் புனிதரான யாக்கோபின் சிலுவை வடிவம். முதுகில் பையோடு நடந்தே வந்த யாத்திரிகர் ஒருவர் பக்கத்துப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு துண்டை வெட்டிக் காகிதத்தில் வைத்து முதலில் அவரிடம் நீட்டினாள்.