18 இன்னிங்ஸை 9 கட்டத்தில் அடக்கியாயிற்று

ஒருவழியாக முடிந்தது. 2025 பேஸ்பால் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், டாட்ஜர்ஸ் பேட் செய்த பக்கம், பென்சில் ஸ்கோர், ஒரே தாள். இது மூன்றாவது முயற்சி. முதல் இரண்டும் குப்பைக்குப் போகவில்லை, ஃபைலில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் யாருக்கும் காட்டமாட்டேன்.

ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் 27, டாட்ஜர் ஸ்டேடியம், டொராண்டோ ப்ளூ ஜேஸோடு 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம். கடைசியில் ஃப்ரெடி ஃப்ரீமன் சென்டர் ஃபீல்டுக்கு மேல் ஒரு ஹோம் ரன் அடித்து 6-5 என்று முடித்து வைத்தார். அவர் 2024இல்தான் யாங்கீஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பத்தாவது இன்னிங்ஸில் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்க ஒரு ஹோம் ரன்) அடித்து வென்று கொடுத்தார். உலகத் தொடரில் அப்படி ஒரு ஆட்டம் முடிந்தது அதுவே முதல்முறை. ஒரே ஆளுக்கு இரண்டு வருடமும் இப்படி வாய்க்குமா! என் தாளில் அந்த இரண்டு கட்டங்களின் வைரமும் (நான்கு பேஸையும் குறிக்கும் சாய்சதுரம்) அடர்த்தியாகக் கறுத்திருக்கும். ஹோம் ரன்னுக்கு வைரத்தை நிரப்பும்போது வேண்டுமென்றே மெதுவாக நிரப்புவேன். அந்தச் சுகத்துக்குத்தான் இந்த வேலையே.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். என் ஸ்கோர் புத்தகத்தில் பேட் பிடிக்கும் ஒன்பது பேருக்கு ஆளுக்கொரு வரி, ஒரு பக்கத்துக்கு 12 இன்னிங்ஸ் பத்திகள். சாதாரண நாளில் மூன்று பத்தி சும்மா கிடக்கும். அன்றைக்கு 12ம் நிரம்பிவிட்டது. பன்னிரண்டாவதில் டொராண்டோ மூன்று பேஸையும் நிரப்பி நிற்க, இரண்டு அவுட் ஆன நிலையில் டாட்ஜர்ஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) கெர்ஷா வருகிறார். ஓய்வை அறிவித்துவிட்ட மனிதர். நேதன் லூக்ஸைத் தரையோடு அடிக்க வைத்து அவுட் ஆக்கிவிட்டுப் போனார். அந்தப் பதற்றத்தில் அடுத்த தாளை எடுத்து, கோடு போட்டு, ஒட்டுநாடாவால் பழைய தாளோடு சேர்க்கிறேன். பதின்மூன்றாவதின் கீழ்ப்பாதி ஓடிக்கொண்டிருக்கிறது. பென்சில் முனை ஒடிகிறது. சீவிவிட்டு நிமிர்ந்தால் ஃப்ரீமன் நிற்கிறார். சென்டர் ஃபீல்டில் கேட்ச். எஃப்8 (உயரப் பந்து, 8 என்பது சென்டர் ஃபீல்டரின் எண்) என்று எழுதி, மூன்றாவது அவுட்டுக்கு வட்டம் போட்டு அடுத்த இன்னிங்ஸுக்குப் போய்விட்டேன்.

ஆட்டம் முடிந்து கை நடுக்கம் நின்றபின் தாளைச் சரிபார்த்தேன். எல்லாரும் செய்வதுதான்: பேட்டிங்குக்கு வந்த மொத்த முறை ஒரு பக்கம், ரன் கூட்டல் பேஸில் மிஞ்சியவர்கள் கூட்டல் எதிரணி எடுத்த அவுட் மறுபக்கம். எனக்கு 74 வந்தது. மறுபக்கம் 6 ரன், 17 பேர் மிச்சம், 51 அவுட். பதினெட்டாவதில் அவுட்டே இல்லாமல் முடிந்ததால் 17 இன்னிங்ஸுக்கு 51. கூட்டினால் 74. அடடா, ஆறரை மணி நேர ஆட்டத்தில் ஒரு பிழைகூட இல்லையே என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அதிகாரப்பூர்வ பாக்ஸ் ஸ்கோரை, அதாவது ஆட்டத்தின் எண் சுருக்கத்தை, பார்க்கும்வரை. அதில் மிச்சம் 18.

சரிபார்ப்பு சரியாக வந்த தாளில் எப்படித் தப்பு வரும்? இரண்டு நாள் அதே யோசனை. அப்புறம்தான் உறைத்தது. ஒருவர் வாக் வாங்கி (நான்கு பந்து வெளியே போனதால் சும்மாவே முதல் பேஸ்), அதே இன்னிங்ஸில் பேஸிலேயே நின்றுபோனால், அவரை அடியோடு மறந்துவிட்டாலும் கணக்கு நேராகும். இந்தப் பக்கம் ஒன்று குறையும், அந்தப் பக்கமும் ஒன்று குறையும். சரிபார்ப்பு சமத்தைத்தான் பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை.

ஆளைக் கண்டுபிடித்தது வரிசையை எண்ணியபோதுதான். முதல் வரி ஒட்டானி, 9 கட்டம். மூன்றாவது வரி ஃப்ரீமன், 9 கட்டம். நடுவில் மூக்கி பெட்ஸ், 8 கட்டம். மேலேயும் கீழேயும் ஒன்பது இருக்க நடுவில் எட்டு வருவதற்கு வழியே இல்லை. பதின்மூன்றாவது இன்னிங்ஸில் பெட்ஸின் கட்டம் வெள்ளையாகக் கிடந்தது. நான் பென்சில் சீவிய நேரத்தில் ஒட்டானியை வேண்டுமென்றே நடக்கவிட்டது போதாதென்று பெட்ஸையும் நடக்கவிட்டு, மூன்று பேஸையும் நிரப்பி ஃப்ரீமனிடம் போயிருக்கிறார்கள். 2017க்கு முன்பென்றால் நான்கு பந்தை வெளியே வீசியே ஆக வேண்டும். பென்சில் சீவ நேரம் இருந்திருக்கும். இப்போது டக்அவுட்டிலிருந்து கையைக் காட்டினால் போதும், ஒரு பந்துகூட இல்லாமல் ஆள் முதல் பேஸுக்குப் போய்விடுகிறார். விதியைக் குறை சொல்லவில்லை. (குறைதான் சொல்கிறேன்.)

யாங்கீஸ் வர்ணனையாளராக இருந்த ஃபில் ரிசூட்டோ, தான் கவனிக்காமல் விட்ட பந்துகளுக்குத் தன் ஸ்கோர் தாளில் ‘பார்க்கவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக இரண்டே எழுத்து போடுவாராம். அவ்வளவு நேர்மையாவது எனக்கு இருந்திருக்கலாம். இப்போது என் தாளிலும் ‘பா’ என்று ஒரு குறி வைத்துக்கொண்டேன், பார்க்கலை என்று அர்த்தம். வெள்ளைக் கட்டத்தைவிட அது எவ்வளவோ மேல்.

இந்த வெள்ளைக் கட்டம்தான் எனக்கு உறுத்தியது. இன்னிங்ஸ் வாரிப் பத்தியில் பாதிக் கட்டம் எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும். மூன்று பேர் வந்து மூன்று பேரும் அவுட் என்றால் ஆறு கட்டம் காலி. அந்தக் காலிகளுக்கு நடுவே ஒரு தவறான காலி ஒளிந்துகொண்டால் யார் கண்ணில் படும்? ஆகவே முறையையே மாற்றினேன். பத்தி இன்னிங்ஸுக்கு அல்ல, முறைக்கு. ஒவ்வொருவரும் முதல்முறை பேட் பிடிப்பது முதல் பத்தி, இரண்டாம் முறை இரண்டாம் பத்தி. நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அது தப்பு, அவ்வளவுதான். போனஸாக இடமும் மிச்சம். ஒட்டானி வந்தது ஒன்பது முறை, ஆகவே 18 இன்னிங்ஸ் ஆட்டம் ஒன்பதே பத்தியில் அடங்கிவிடும். ஒட்டுநாடா வேண்டாம்.

கேட்கச் சுலபம். போட்டுப் பார்த்தால்தான் வலி தெரியும். இன்னிங்ஸ் முடியும் இடம் இனி நேர்க்கோடாக வராது. ஒரு பத்தியின் நடுவில் எங்கேயோ, நாலாவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் இடையில் விழும். அங்கே தடித்த கிடைக்கோடு போட்டேன். நன்றாகத்தான் இருந்தது, எதிரணி பிட்சர் மாறும்வரை. பிட்சர் மாறினால் நாம் எல்லாரும் போடுவது என்ன? அதே கிடைக்கோடு! டொராண்டோ அன்று ஒன்பது பிட்சர்களை இறக்கியது. ஐந்தாவது பத்தி வருவதற்குள் எது இன்னிங்ஸ் முடிவு, எது ஷெர்ஸர் போய் அடுத்தவர் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாவது தாள் அங்கேயே செத்தது.

மூன்றாவது தாளில் சிவப்புப் பென்சிலால் இன்னிங்ஸ் கோடு, கறுப்பில் பிட்சர் கோடு என்று பிரித்தேன். பாதி சரியானது. இன்னிங்ஸ் முடிவும் பிட்சர் மாற்றமும் ஒரே இடத்தில் விழும்போது இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி பழுப்பாகிவிட்டது. அழித்தால் தாள் பஞ்சு பஞ்சாக எழும்புகிறது. கடைசியில் பிட்சர் மாற்றத்துக்குக் கோட்டையே விட்டுவிட்டு நெளி போட்டேன், ரம்பப் பல் மாதிரி, கட்டத்தின் இடது பாதியில் மட்டும். சிவப்பு நேர்க்கோடு முழு அகலத்துக்கும் ஓடும். கூடவே ஒவ்வொரு இன்னிங்ஸையும் தொடங்குபவரின் கட்டத்தில் இடது மேல் மூலையில் சின்னதாக இன்னிங்ஸ் எண். இது விழுந்ததும் தாள் படிக்கத் தானாகவே வழிவிட்டது. ‘14’ எங்கே என்று தேடினால் கண் நேரே போய் நிற்கிறது. இந்த நெளிக்கு மட்டும் ஒரு வாரம் போனது என்றால் நம்புவீர்களா?

இந்த முறையில் அடியில் இன்னிங்ஸ் கூட்டல் வராது. அதற்கு 18 கட்டம் கொண்ட ஒரு நாடா தனியாக வரைந்து கீழே வைத்தேன். இரண்டாவதில் 1, மூன்றாவதில் 1, ஐந்தாவதில் 2, ஏழாவதில் 1, அப்புறம் எட்டிலிருந்து பதினேழு வரை வரிசையாகப் பத்து சைபர், கடைசியில் ஒரு 1. அந்தப் பத்து சைபரையும் ஒரே அழுத்தத்தில் எழுத முயன்றேன். ஏழாவது சைபர் கொஞ்சம் கோணல். விட்டுவிட்டேன்.

ஒட்டானியின் வரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க மனம் வராது. டபுள் (அடித்து இரண்டாவது பேஸ் வரை ஓடியது), ஹோம் ரன், டபுள், ஹோம் ரன், அதற்குப்பின் நான்கு முறை வேண்டுமென்றே வாக், ஒன்பதாவது கட்டத்தில் சாதாரண வாக், அதுவும் நாலே பந்தில். ஒன்பது முறை வந்து ஒன்பது முறையும் பேஸுக்குப் போனவர். பேட் பிடித்து ஆனதாக வரி முழுக்க ஒரு அவுட் எண் இல்லை, வட்டம் இல்லை. முதல் நான்கு கட்டம் கறுப்பு, பின் ஐந்து கட்டம் ஏறக்குறைய காலி, மூலையில் குட்டி எழுத்து மட்டும். பழைய முறையில் இது 18 பத்தியில் சிதறிக் கிடந்தது, நானே கவனிக்கவில்லை. இப்போது பார்த்தால் டொராண்டோ எந்த இடத்தில் பயந்தது என்று தாளே காட்டுகிறது. ஐந்தாவது கட்டம்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் பேஸைத் திருடப்போய் (பந்தை யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடி) இரண்டாவது பேஸில் மாட்டி அவுட் ஆனது தனிக்கதை. அதை ஐந்தாவது கட்டத்துக்குள்ளேயே நுழைக்கப் பட்ட பாட்டில் அழிப்பான் பாதி தேய்ந்தது.

பென்சிலைப் பற்றி ஒரு வார்த்தை. 0.5 மெக்கானிக்கல் வாங்கி ஏமாறாதீர்கள். எண் எழுத நல்லது, வைரம் நிரப்பப் போனால் ஊசியால் உழுவது மாதிரி. நான் இப்போது எண்ணுக்கு ஹெச்பி, வைரத்துக்கு 2பி என்று இரண்டு வைத்திருக்கிறேன். சீவியதில் எப்போதும் மூன்று தயாராக மேசையில், காரணம் உங்களுக்குத் தெரியும். தாள் 100 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்தால் சிவப்பு பின்பக்கம் தெரிகிறது. ஸ்பைரல் புத்தகத்தை விட்டுவிட்டேன், கை கம்பியில் இடிக்கிறது. ஆன்லைனில் ஒரு கடையில் வரவழைத்த புத்தகத்தில் வரி எட்டுதான் இருந்தது. பேஸ்பாலில் எத்தனை பேர் பேட் பிடிப்பார்கள் என்று அச்சடித்தவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம். இப்போதெல்லாம் நானே கட்டம் வரைந்து அச்செடுத்துக்கொள்கிறேன்.

கிரிக்கெட் ஸ்கோரில் இருந்து இங்கே வந்தவர்கள் நம்மில் நிறைய. பாக்ஸ் ஸ்கோருக்கு உருவம் கொடுத்த ஹென்றி சாட்விக்கும் கிரிக்கெட் செய்தியாளராக இருந்தவர்தான் என்று படித்ததில் எனக்கு ஒரு அற்ப திருப்தி. ஸ்ட்ரைக் அவுட்டுக்கு (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட் ஆவது) ‘கே’ போடுகிற வழக்கம் அவருடையது. பேட்டை ஆட்டாமல் பார்த்துக்கொண்டே அவுட் ஆனால் கே-யைத் திருப்பிப் போடுவது பின்னால் வந்த குறும்பு, எனக்கு மிகப் பிடித்த குறியும் அதுதான்.

ஆனால் தாளில் ஏறாத விஷயமும் உண்டு. 2024 உலகத் தொடர் ஐந்தாவது ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸைப் போன வாரம் திரும்ப எடுத்துப் பார்த்தேன். யாங்கீஸ் 5-0 முன்னிலை. ஜட்ஜ் கையில் விழுந்த பந்தை நழுவவிட்டார், ஈ8 (ஈ என்றால் எர்ரர்). வோல்பியின் வீச்சு தவறியது, ஈ6. அப்புறம் பெட்ஸ் தரையோடு தட்டிய பந்துக்கு யாங்கீஸ் பிட்சர் கெரிட் கோல் முதல் பேஸை மூட ஓடவே இல்லை. முழு ஆட்டத்தையும் திருப்பிய தவறு அது. தாளில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு சிங்கிள். எர்ரர் இல்லை, எதுவும் இல்லை. டாட்ஜர்ஸுக்கு ஐந்து ரன்னும் வந்து, கடைசியில் 7-6க்கு வென்று கோப்பையும் வந்தது. நான் அந்தக் கட்டத்தின் ஓரத்தில் ‘நின்றார்’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த திட்டம், 2025 தொடரின் ஏழாவது ஆட்டம். 11 இன்னிங்ஸ், 5-4. ஒன்பதாவதில் மிகெல் ரோஹாஸின் ஹோம் ரன், பதினொன்றாவதில் வில் ஸ்மித்தின் ஹோம் ரன், முந்தின நாள் வீசிய யமமோட்டோ மறுநாளும் வந்து முடித்து வைத்தது. 1998-2000 யாங்கீஸுக்குப் பின் அடுத்தடுத்துக் கோப்பை வென்ற முதல் அணி. அதைப் புது முறையில், நல்ல தாளில், மையில்கூடப் போடலாமா என்று ஆசை. ஆறாவது ஆட்டத்தின் கடைசி 7-4 டபுள் ப்ளேயும் (லெஃப்ட் ஃபீல்டரிடமிருந்து இரண்டாவது பேஸுக்கு, ஒரே அடியில் இரண்டு அவுட்) மிச்சமிருக்கிறது. 2018இல் பாஸ்டனோடு நடந்த இன்னொரு 18 இன்னிங்ஸ் ஆட்டமும் இருக்கிறது, மன்சி அடித்து 3-2க்கு முடிந்தது. அது 7 மணி 20 நிமிடம். யோசிக்கவே கை வலிக்கிறது.

அதற்கெல்லாம் முன்னால் 2025 மூன்றாவது ஆட்டத்தின் டொராண்டோ பக்கம் முடிய வேண்டும். டாட்ஜர்ஸ் பத்து பிட்சர்களை இறக்கியதால் பத்தாவதாக வந்த வில் க்ளைன் வரைக்கும் ஒன்பது நெளி. 72 பந்து வீசி நான்கு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காத அந்த மனிதருக்காகவே அந்த ஓரத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறேன். டாட்ஜர்ஸ் பக்கம் இப்போது 75க்கு 75. டொராண்டோவுக்கு 78 முறை, வெள்ளைக் கட்டம் ஒன்றுகூட இல்லை. மறுபக்கம் 5 ரன், 54 அவுட், மிச்சம் 18. கூட்டினால் 77.

ஒரு ஆளைக் காணோம். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் இருந்து தேடப்போகிறேன்.