கமுகு ஆட்டுறவரோட மகன்

"சார், எங்கப்பா கமுகுல இதத்தானே செய்வாரு?"

ஒராங்குட்டான்னு ஒரு பெரிய வாலில்லா கொரங்கு மரத்த ஆட்டி அடுத்த மரத்துக்கு மாறுறத நடத்தும்போ, கமுகு, அதான் பாக்கு மரம், ஏறுறவரோட மகன் கேட்டது இவ்வளவுதான். நான் ஒரு செகண்ட்கூட யோசிக்கல, "லேய், அப்பாவ போய் கொரங்கோட சேக்காத"ன்னுட்டேன். கிளாஸே சிரிச்சிது. அருமனை பக்கத்து பையன், கடைசிக்கு முந்தின பெஞ்ச், அவனும் சிரிச்சான்னுதான் ஞாபகம், இல்ல நான் அப்படி நெனச்சுக்கிட்டேனோ என்னவோ.

அவனுக்கு ஒரு கேலியும் வந்துரக்கூடாதுன்னுதான் சொன்னேன். சத்தியமா. மரம் ஏறுறவங்க புள்ளைகள நம்ம ஊருல என்ன சொல்லி கூப்பிடுவாங்கன்னு எனக்கும் தெரியும்லா. ஆனா அதுவரைக்கும் யாரும் கேலி பண்ணல, வாய தொறந்தது நான்தான்.

அன்னைக்கு பாடம் சுமத்ரா ஒராங்குட்டான். ஆடுற கம்புல நடக்கும்போ மத்த கொரங்குங்க முட்டிய மடக்கி பம்மிப் பம்மி போகும், கம்பு அதிகமா ஆடாது. நம்ம தேவாங்கும் தாவாது, புடிச்சு புடிச்சு மெதுவாதான் போகும். ஒராங்குட்டான் அப்படியில்ல, ரொம்ப மெல்லிசு கம்புல மேல கைய புடிச்சிக்கிட்டு கால நேரா நீட்டி மனுசன் மாதிரியே நிக்கும். மனுசன் நிமிந்து நடந்ததுக்கு வேரே மரத்து மேலதான் இருக்குன்னு 2007-ல தோர்ப்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு எழுதினாங்க. ஜெர்மனியில கெடச்ச டானுவியஸ்ங்கிற ஒரு வாலில்லா கொரங்கோட எலும்ப வச்சு, 1 கோடியே 16 லட்சம் வருசம் முந்தியே அது கால நீட்டி மரத்துல நின்னிருக்கும்னு 2019-லயும் ஒரு வாதம் வந்துச்சு, அதுக்கு மறுப்பும் வந்துச்சு.

பையன் கேட்டது இதுல எதையும் இல்ல. ஒராங்குட்டான் மரத்தையே ஆட்டி ஆட்டி வளைச்சு அடுத்த மரத்த எட்டி புடிக்குமே, அத. தாவுறதுக்கு ஆகுற சக்தியில பாதிகூட இதுக்கு ஆகாது, எறங்கி நடந்து திரும்ப ஏறுறதுக்கு ஆகுறதுல கிட்டத்தட்ட பத்துல ஒண்ணுதான். கமுகு ஏறுறவங்களும் அதுக்குத்தானே ஒரு மரத்துல ஏறுனா எறங்காம அப்படியே ஆட்டி தோட்டத்தையே முடிக்கிறாங்க! அந்த கிளாஸ்ல பாடத்த முழுசா புடிச்சவன் அவன் ஒருத்தன்தான், அதுவும் எனக்கு வீட்டுக்கு வந்து சோறு திங்கும்போதான் ஓடுச்சு.

அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். திரும்ப கெளறுனா இன்னும் சிரிப்பாங்களேன்னு விட்டேன். பயம்தான்னும் வச்சுக்கலாம். அதுக்கப்புறம் அவன் ஒண்ணும் கேக்கல, மொதல்லயும் அதிகம் கேக்குற பையன் இல்லதான்.

இந்த வருசம் அதே பாடம் வந்துச்சு. கமுகு உதாரணத்த நானே சொன்னேன், எனக்கே தோணுன மாதிரி. ஒருத்தரும் சிரிக்கல, ரெண்டு பேரு நோட்ல எழுதிக்கிட்டாங்க.