மாரானில் ஒரு நேர்த்திக்கடன்

பங்குனி உத்திரத்துக்கு, மலேசியாவில் பகாங் மாநிலத்திலுள்ள மாரான் மரத்தாண்டவர் கோயிலுக்குப் போனால், எங்கள் ஊர் மெந்தகாப்காரர்கள் பாதிப் பேரை அங்கேயே பார்த்துவிடலாம். அதனால்தான் கூட்டமில்லாத ஒரு நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். அண்ணனின் இரண்டாவது திதியும் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் தெரிந்தவர்கள் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "கேஸ் என்னாச்சு?"

அண்ணன் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். சாப்பாட்டுக் கடை வாசலில் வாய்த்தகராறாகத் தொடங்கியது பாராங் கத்தி வெட்டில் முடிந்தது. அதற்கு மேல் எழுத வரவில்லை. அவர் விழுந்து கிடந்த படம், எங்களுக்குத் தகவல் வருமுன்பே வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவிட்டது. அதை அனுப்பியவர்களில் சிலர் பதினாறாம் நாள் காரியத்துக்கும் வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மகனுக்கு மாரானில் முடியிறக்குவதாக அண்ணன் வேண்டியிருந்தார். அதைத் தீர்க்கத்தான் போனோம்.

தெமர்லோ தாண்டும்வரை மாமா வேனில் சட்டம் பேசிக்கொண்டே வந்தார். கொலைக்கான 302-ஆவது பிரிவில் முன்பு தூக்கு ஒன்றுதான் தண்டனை. 2023 ஜூலையிலிருந்து அது கட்டாயமில்லை. தூக்கு இல்லையென்றால் 30 முதல் 40 ஆண்டு சிறை, 12-க்குக் குறையாத பிரம்படி. "தூக்குதான் வேணும்னு சாமிகிட்ட கேளுக்கா" என்றார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பையன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அண்ணி கண்ணைக் காட்டினார்.

வெள்ளைக்காரன் காலத்தில் சாலை போட, இப்போது மரத்தாண்டவராகக் கும்பிடும் அந்த மரத்தை வெட்டியபோது ரத்தம் கசிந்தது, வேலையாட்கள் பயந்து கத்தியைக் கீழே போட்டுவிட்டார்கள், சாலையே விலகிப் போனது என்பார்கள். அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) சீவி எங்களை வளர்த்தவர். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், சீவுகிற கத்திக்குப் பாலுக்குப் பதில் ரத்தம் வந்தால் எப்படி இருக்கும் என்று கையை உதறிக் காட்டுவார். அன்று பேரனுக்குச் சொன்னபோது கையை உதறவில்லை.

"வெட்டுனவன் என்ன ஆனான் பாட்டி?"

"யாருக்குத் தெரியும்? நாம மரத்தக் கும்பிட வந்திருக்கோம்."

முடியிறக்கும்போது பையன் அழவில்லை. தண்ணீர் தெளித்ததும் உச்சியில் இரட்டைச் சுழி தெரிந்தது, அப்படியே அண்ணனுடையது. காதுமடலில் ஒட்டியிருந்த முடியை அம்மா முந்தானை நுனியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சந்தனம் பூசினார்.

அர்ச்சனைக்குக் குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டார். எங்கள் வீட்டில் எப்போதும் மூத்தவன் பேர்தான் முதலில். அம்மா அந்தப் பழக்கத்தில் அண்ணன் பேரைச் சொல்லி, கேட்டை நட்சத்திரம் என்றும் சொல்லிவிட்டார். குருக்களுக்கு என்ன தெரியும், அவர் பாட்டுக்குச் சங்கல்பம் சொன்னார். யாரும் திருத்தவில்லை. அண்ணி அர்ச்சனைத் தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

இறந்தவர் பேருக்கு அர்ச்சனை ஆகாது, பரிகாரம் கேட்கணும் என்று திரும்பும்போது மாமா சொல்லிக்கொண்டே வந்தார். முறைப்படி அது சரியாகவே இருக்கலாம். நீதிமன்றத்தில் அண்ணன் பேர் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையோடு சேர்ந்துதான் என் காதில் விழும். அன்று மணியோசையோடு கேட்டது. எனக்கு அதில் தப்பாக ஒன்றும் படவில்லை.

தெமர்லோவில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது, அடுத்த விசாரணை எப்போது என்று அம்மா கேட்டார். சொன்னேன். இதுவரை கோர்ட் வாசலை மிதிக்காதவர், "நானும் வர்றேன்" என்றார்.