சிங்கிள் கோட்டில் சிக்கிய தீபாவளி அழைப்பு

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு சின்ன அலுவலகம். வேலைக்குச் சேர்ந்த வருடமே தீபாவளி விருந்து அழைப்பை வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பிஹெச்பி என்ற நிரல்மொழியில் பத்துப் பதினைந்து வரி நிரல், இணையப் பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல்லில் கோலம் போட்ட அழைப்பிதழ். அனுப்பிவிட்டுக் காப்பிக்கடையில் கோப்பி ஓ வாங்கி உட்கார்ந்தேன். பாதிகூடக் குடிக்கவில்லை, சீனியர் அண்ணனிடமிருந்து போன்.

"தம்பி, கோலத்தைக் காணோம். வெறும் நிரலா வந்திருக்கு."

மேலே ஓடினேன். அவர் திரையைப் பார்த்தார், ஒரே இடத்தில் விரலை வைத்தார். "சிங்கிள் கோட்." ஒற்றை மேற்கோள்குறியைத்தான் சொன்னார்.

அனுப்புநர் யார், உள்ளடக்கம் என்ன வகை என்றெல்லாம் சொல்லும் தலைப்பு வரிதான் ஹெடர். மின்னஞ்சலின் ஒவ்வொரு ஹெடரும் தனி வரியில் இருக்க வேண்டும். அந்த வரிமுறிவை பேக்ஸ்லாஷ் ஆர், பேக்ஸ்லாஷ் என் (\r\n) என்று எழுதுவோம். டபுள் கோட்டுக்குள், அதாவது இரட்டை மேற்கோள்குறிக்குள், எழுதினால்தான் பிஹெச்பி அதை வரிமுறிவாக மாற்றும். சிங்கிள் கோட்டுக்குள் அது வெறும் நான்கு எழுத்து. அதனால் அனுப்புநர் முகவரியின் வாலிலேயே 'இது ஹெச்டிஎம்எல்' என்ற ஹெடரும் ஒட்டிக்கொண்டு போயிருந்தது. பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழியில் பழகிய கை எனக்கு. அங்கே இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. போதாததற்கு, பிஹெச்பியில் சிங்கிள் கோட்தான் வேகம் என்று யாரோ சொன்னதை வேறு நம்பியிருந்தேன்.

சரி, திருத்தியாயிற்று. அடுத்த வம்பு பெயர்களில் வந்தது. இங்கே சீனப் பெயர்களைப் பலர் 'டான் வெய் மிங், ஜேசன்' என்று எழுதுவார்கள். ஹெடரில் கமா என்றால் அடுத்த முகவரி தொடங்குகிறது என்று பொருள். பெயரைச் சிங்கிள் கோட்டுக்குள் வைத்துப் பார்த்தேன். பலனில்லை. மின்னஞ்சலின் வடிவத்தை வகுக்கும் விதி ஆவணமான ஆர்எஃப்சி 5322-இன்படி ஹெடருக்கு அது மற்ற எழுத்துகளைப் போல இன்னொரு எழுத்து, அவ்வளவுதான். கமாவை அடக்க டபுள் கோட்தான் வேண்டும். நம்மவர்களின் இனிஷியலுக்குப் பின்னால் வரும் புள்ளிக்கும் முறைப்படி அதே காவல் தேவை. இன்னாரின் மகன் என்று பெயரில் எழுதும் எஸ்/ஓ-வில் இருக்கும் சாய்கோடு மட்டும் எதையும் கேட்காமல் போய்விடும்!

அப்புறம் முதலாளி தன் பெயர் தமிழிலேயே தெரிய வேண்டும் என்றார். தமிழ் எழுத்தை ஹெடரில் வைக்க, 1996-இல் வந்த ஆர்எஃப்சி 2047 சொல்லும் குறியேற்றம் உண்டு; அது தமிழைச் சாதாரண ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் மாற்றி அனுப்பும். பட்ட அனுபவத்தில் அதையும் டபுள் கோட்டுக்குள் பூட்டினேன். சிலருக்குப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறியும் சமக்குறியுமாகப் போயிருக்கிறது. டபுள் கோட்டுக்குள் அந்தக் குறியேற்றம் வரவே கூடாதாம்.

டபுள் கோட்டுகளை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன். அண்ணன் தன் போனைத் திருப்பிக் காட்டினார். முதலாளியின் பெயர், புள்ளி வைத்த இனிஷியலோடு, தமிழில்.