உப்பில்லாத ரொட்டி

ஃப்ளாரன்ஸ், ஆகஸ்ட் 9

வீட்டில் அவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமைத் தாண்டக் கூடாது என்று மருத்துவமனையில் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஊர் ரொட்டிக்கு அந்தக் கவலையே இல்லை. மாவு, தண்ணீர், புளித்த மாவு, அவ்வளவுதான். உப்பு சேர்க்காத அந்த மரபோடுதான் இந்த வட்டாரமான டஸ்கனியின் ரொட்டி 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பைப் பெற்றது. இதுவரை சப்பென்று இருக்கிறது என முகம் சுளித்தவர், இன்று மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 10

அவருடைய பரிசோதனை முடிவு வரவில்லை.

ஆகஸ்ட் 11

ரொட்டிக் கடைக்கு விடுமுறை. முன்பே வாங்கி வைத்த ரொட்டி காய்ந்து கட்டையாகிவிட்டது. காய்ந்த ரொட்டியில் செய்யும் இவ்வூர் சாலட்டான பான்சனெல்லாவுக்கு வேண்டியதும் அதுவே. தடித்த துண்டுகளாக அரிந்து, சிறிது வினிகர் கலந்த குளிர்ந்த நீரில் ஊறவைத்து, இரு கைகளாலும் ஒட்டப் பிழிந்து விரல்களால் உதிர்த்தபோது, புட்டு மாவைப் போல ஈரத்தோடு பொலபொலவென்று விழுந்தது. ரொட்டியைச் சதுரங்களாக வெட்டி வறுத்துப் போடும் வெளியூர்ச் செய்முறைகளை மாடி வீட்டுப் பாட்டி ஒப்புக்கொள்வதில்லை. நானும் அவர் கட்சிதான். வறுத்தால் எண்ணெயும் கூடுகிறது.

சிவப்பு வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து நீரில் போட்டுக் காரத்தைக் குறைத்தேன். வெள்ளரிக்காய், சான்ட் அம்ப்ரோஜோ சந்தையில் வாங்கிய, வரிவரியாகப் புடைத்த கோஸ்தொலூத்தோ தக்காளி, ஆலிவ் எண்ணெய். உப்பு போடவில்லை, அந்த இடத்தை வினிகர் பார்த்துக்கொண்டது. ஒரு மணி நேரம் குளிரவைத்து, பேசில் இலைகளைக் கடைசியில் கிள்ளிப் போட்டேன்.

ஆகஸ்ட் 13

மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் பேசிய பெண், சிறுநீரகம் பற்றிய முடிவு வரும்வரை அவர் பொட்டாசியத்திலும் கவனமாக இருக்கச் சொன்னார். உப்பைத் துரத்திவிட்டு நிமிர்ந்தால், இப்போது தக்காளியே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது! நூறு கிராம் தக்காளியில் சுமார் 240 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. ஒரு கிண்ணத்துக்கு நான் அள்ளிப் போடுவது அதைப் போல இரண்டு மடங்கு. இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று புகழப்படும் அதே பொட்டாசியத்தை, சிறுநீரகம் தளர்ந்திருந்தால் உடல் வெளியேற்ற முடியாமல் இரத்தத்தில் தேக்கிக்கொள்ளும் என்பதால், நல்ல உணவு எது என்பதை அந்த முடிவு வந்த பிறகுதான் சொல்ல முடியும். தக்காளியின் சிவப்பான லைக்கோபீன் எண்ணெயோடு சேர்ந்தால் உடலில் நன்றாகச் சேரும் என்று நேற்று அவரிடம் பெருமையாக விளக்கியிருந்தேன்.

ஆகஸ்ட் 14

தக்காளி இல்லாமலும் பான்சனெல்லா இருந்திருக்கிறது. 1548இல், ஃப்ளாரன்ஸை ஆண்ட மெடிச்சி பிரபு கோசிமோவின் தோட்டத்துத் தக்காளிக் கூடை வந்து சேர்ந்ததாக அரண்மனைக் கடிதம் ஒன்று சொல்கிறது. அப்போது அது வேடிக்கை பார்க்கும் பொருள், சாப்பாட்டுத் தட்டுக்கு வர நெடுங்காலம் ஆனது. அதே நூற்றாண்டில் இவ்வூர் ஓவியர் ப்ரோன்சினோ, நறுக்கிய வெங்காயம், பருப்புக்கீரை, வெள்ளரி சேர்ந்த சாலட்டைக் கவிதையில் புகழ்ந்தார். படித்ததும் தெம்பு வந்தது. பிறகு பருப்புக்கீரையைப் பற்றித் தேடினேன். அதில் தக்காளியைவிடப் பொட்டாசியம் அதிகம்.

ஆகஸ்ட் 15

ஃபெர்ரகோஸ்தோ, இத்தாலியின் கோடை விடுமுறை நாள். ஊரே கடற்கரைக்குப் போய்விட்டது. பரிசோதனைக் கூடமும் பூட்டிக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 16

காலையில் இரண்டு முறை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. ரொட்டியையும் வெள்ளரியையும் கூட்டி, தக்காளியைப் பாதியாக்கினேன். கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "இது பான்சனெல்லாவா, தயிர் மறந்துபோன பச்சடியா?" என்று கேட்டார். இருந்தும் முழுக்கச் சாப்பிட்டார். நாலு மணிக்கு மறுபடியும் அழைக்க வேண்டும்.