மீன் பாடலாம், நான் பாடக்கூடாது

போன மார்கழியில், கந்தோரில் வருடக் கணக்கு மூடும் நேரம், இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வரத் தொடங்கியது. நெஞ்சு படபடவென்று அடிக்கும். கை விறைக்கும். இன்றைக்குச் செத்துப்போவேன் என்றே நினைப்பேன். ஈசிஜி எடுத்துப் பார்த்த டொக்டர், இதயத்தில் ஒரு பிழையும் இல்லை, இது பதற்றம் என்றார். குளிசை எழுதித் தந்து, காலையில் கொஞ்சம் வேகமாக நடக்கவும் சொன்னார்.

"நடக்கச் சொல்றதுக்கு ஒரு டொக்டரா?" என்று மாமி கேட்டார்.

முதல் மாதம் நான் செய்தது மடத்தனம். போனில் 10,000 அடி என்று குறி வைத்தேன். இரவு 7,400இல் நின்றால் கிணற்றடியைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். ஏற்கெனவே இருந்த கடன்களோடு இது இன்னொரு கடன். மறுகாதான் தெரியவந்தது, அந்த 10,000 ஒரு மருத்துவக் கணக்கே இல்லையாம். 1965இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயராம் அது! உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், மிதமான வேகத்தில். ஐந்து நாளுக்குப் பிரித்தால் அரை மணித்தியாலம்.

மிதமான வேகம் என்றால் என்ன? கதைக்க முடிய வேண்டும், பாட ஏலாமல் இருக்க வேண்டும். மீன் பாடும் ஊர் என்று பெயர்பெற்ற நம்மட மட்டக்களப்பில் இப்படி ஒரு விதி! மச்சாளும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இப்போது இருவரும் விடிய ஐந்தரைக்குக் கல்லடிப் பழைய பாலத்துக்குப் போகிறோம். 1924ஆம் ஆண்டுப் பாலம். 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்ததோடு வாகனச் சந்தடி அங்கே போய்விட்டது. வாவியில் தோணிக்காரர் வலை இழுப்பது தெரியும். ஏழு மணிக்குப் பிறகு நம்மட வெயிலில் நடப்பது வீரம் இல்லை, விசர்.

மூன்றாம் கிழமையில் ஒரு நாள் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டேன். நெஞ்சு அடிக்கிறது, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது. இரவு இரண்டு மணிக்கு வருவதும் இதே அடிதானே! ஆனால் இங்கே நான் பயப்படவில்லை, ஏனென்றால் காரணம் தெரியும். இரண்டு நிமிடம் நின்றேன், தானாக அடங்கியது. அன்றிரவு முழிப்பு வந்தபோது, "இது பாலத்தில் வந்த அடி" என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். பயம் போகவில்லை. ஆனால் கணவரை எழுப்பவில்லை.

நித்திரையும் மெல்ல மெல்லச் சீரானது. குளிசையை நானாக நிறுத்தவில்லை; நடக்கிறோம்தானே என்று யாரும் நிறுத்திவிடாதீர்கள். மனம் மிகவும் இருண்டால் 1926க்கு அழையுங்கள், அது இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். நான் ஒரு தடவை அழைத்திருக்கிறேன், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மாரி வந்தால் பாலம் இல்லை. விறாந்தையில் ஸ்கிப்பிங் கயிறு, அல்லது மழை விட்ட நேரம் வளவு கூட்டுவது. அதுவும் மூச்சு வாங்கும் வேலைதான், மாமிக்கும் சந்தோசம்.

ஊர்ச் சனத்துக்குத்தான் இன்னும் பழகவில்லை. பாலத்தடியில் ஓர் அண்ணன் தினமும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "என்ன புள்ள, ஓட்டோ கிடைக்கலயா? ஏறு, விட்டுட்டுப் போறன்" என்பார். போன கிழமை அவரே சாரமும் செருப்புமாக எங்களோடு இறங்கிவிட்டார். அரிசி விலையில் தொடங்கி, மகளின் கலியாணம் வரைக்கும் மூச்சு விடாமல் கதைத்தார். கடைசியில் பழைய பாட்டொன்றையும் எடுத்துவிட்டார்.

மச்சாள் திரும்பிப் பார்த்து, "அண்ணன், கொஞ்சம் கெதியா நடங்க" என்றாள்.