தேநீர் கொட்டிய மடிக்கணினியும் 48 இலக்கங்களும்

புதிய நாட்டுக்கு வந்து நான்காவது மாதம். ஒரு புதன்கிழமை இரவு, பாலும் சர்க்கரையும் சேர்த்த தேநீர் கோப்பை என் முழங்கை பட்டுச் சரிந்தது. முக்கால் கோப்பை தேநீர் மடிக்கணினியின் விசைப்பலகைக்குள் இறங்கிவிட்டது. திரை அணையவில்லை. நல்லவேளை, ஓடுகிறது என்று எண்ணித் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

அப்போது கைப்பேசியில் தம்பி பேசிக்கொண்டிருந்தான். மின்னணுப் பொருட்களைப் பழுது பார்ப்பது அவன் தொழில். "அக்கா, துடைத்துக்கொண்டு நிற்காதே! சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுச் சார்ஜரைப் பிடுங்கு. பிறகு பவர் பொத்தானை அணையும்வரை அமுக்கிப் பிடி" என்று கத்தினான். எழுதிக்கொண்டிருந்த கோப்பைச் சேமிக்கட்டுமா என்று கேட்டேன். "கோப்பு போனால் போகட்டும்" என்றான். பத்து நொடியில் திரை இருண்டது.

அந்தப் பெட்டிக்குள் என்னவெல்லாம் இருந்தன என்பது இருட்டிய திரையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வசிப்பிட அனுமதியின் நகல், வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், முத்திரையிட்ட மொழிபெயர்ப்புடன் என் சான்றிதழ்கள், மறைந்த அப்பாவின் குரல் பதிவுகள். இங்கே எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் யார் என்பதைக் காகிதங்கள்தான் சொல்ல வேண்டும். ஊரில் என்றால் தெருவே சாட்சி சொல்லும். இங்கே என்னைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

கணினியை விரித்துக் கூடாரம்போலக் கவிழ்த்து, விசைப்பலகை கீழ்நோக்கி இருக்குமாறு துண்டின்மேல் வைக்கச் சொன்னான். குலுக்கக் கூடாது, குலுக்கினால் நனையாத இடத்துக்கும் தேநீர் போகும். அடுத்து அவன் சொன்னதுதான் எனக்கு மலைப்பாக இருந்தது: "அடிமூடியைத் திறந்து பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். இன்றிரவே."

அணைத்தாகிவிட்டதே, இன்னும் என்ன அவசரம் என்று நானும் கேட்டேன். அணைத்த கணினியும் முழுவதும் உறங்குவதில்லை. பேட்டரி இணைந்திருக்கும்வரை, சில்லுகளைத் தாங்கும் முதன்மைப் பலகையான தாய்ப்பலகையின் சில தடங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டேயிருக்கும். பொத்தானைத் தொட்டதும் அது விழிப்பது அதனால்தான். தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. தேநீரிலும் பாலிலும் கரைந்திருக்கும் உப்புகள் கடத்தும். மின்னழுத்தமும் ஈரமும் சேரும் இடத்தில் நேர்முனைச் செம்பு கரைந்து எதிர்முனையை நோக்கி நகர்ந்து, மயிரிழை போன்ற கிளைகளாகப் படிந்து, சேரக் கூடாத இரண்டு தடங்களைச் சேர்த்துவிடும். ஈரத்தைவிட, ஈரத்தோடு இருக்கும் மின்சாரம்தான் பலகையைத் தின்கிறது. ஆகவே இது மணிக்கணக்கில் தள்ளிப்போடும் வேலையில்லை.

என்னிடம் திருப்புளி இல்லை. இரவு பதினொன்றரை. எதிர்வீட்டில் ஒரு மூதாட்டி தனியாக இருக்கிறார். நான்கு மாதங்களில் படிக்கட்டில் வணக்கம் சொன்னதற்குமேல் பழக்கமில்லை. கதவிடுக்கில் விளக்கு தெரிந்ததால் துணிந்து தட்டினேன். வார்த்தை வராமல், விரலால் திருகிக் காட்டினேன். உள்ளே போனவர், மூக்குக்கண்ணாடியின் திருகுகளை இறுக்கும் சின்னஞ்சிறு திருப்புளிகள் அடங்கிய பெட்டியோடு என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

அடிமூடியில் பத்துத் திருகுகள். எல்லாம் ஒரே நீளமில்லை. குட்டைத் திருகு வரவேண்டிய துளையில் நீளமானதை முடுக்கினால் அது பலகையைக் குத்திவிடும் என்று தம்பி எச்சரித்தான். தாளில் கணினியின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் அதனதன் இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டினேன். பேட்டரியின் இணைப்பான் கழன்றபோதுதான் மூச்சு சீரானது. பேட்டரி உப்பியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டான். இருந்தால் பேட்டரியைத் தொடாமல், கணினியை அப்படியே வீட்டுக்கு வெளியே வைக்க நேர்ந்திருக்கும். நல்லவேளை, இரண்டும் இல்லை. உள்ளே ஒட்டியிருந்த சின்ன வெள்ளைத் தாள்வட்டம் மட்டும் சிவந்திருந்தது. திரவம் பட்டதற்கான அடையாளம் அது. அதைப் பார்த்தால் உத்தரவாதத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். திரவத்தால் வரும் சேதத்தைப் பொதுவாக எந்த உத்தரவாதமும் ஏற்பதில்லை.

மறுநாள் அலுவலகத்தில் ஆளுக்கொரு யோசனை. அரிசிக்குள் புதைத்து வை என்றார் ஒருவர். முடி உலர்த்தியைக் காட்டு என்றார் இன்னொருவர். இரண்டுமே தவறு. பலகையின் சில்லுகளுக்கு அடியில் தேங்கிய ஈரத்தை அரிசி உறிஞ்சி எடுக்காது. மாவுத்தூளைத்தான் உள்ளே விட்டுவைக்கும். சூடான காற்று பிளாஸ்டிக்கை நெளித்து, திரவத்தை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். மேலும், வெறும் தண்ணீர் கொட்டியிருந்தால்கூடக் காய்ந்தால் போதும் என்று ஒருவேளை நினைக்கலாம். தேநீர் காய்ந்தாலும் சர்க்கரை, பால் புரதம், கொழுப்பு எல்லாம் அங்கேயே இருக்கும். காற்றின் ஈரப்பதத்தை இழுத்து, பல வாரம் கழித்தும் அரிக்கும். "காய்வது வேறு, சுத்தமாவது வேறு அக்கா" என்று தம்பி திரும்பத் திரும்பச் சொன்னான்.

சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். மருந்தகத்தில் அதை எப்படிக் கேட்பது? நான் சொன்ன பெயர் அவர்களுக்கு விளங்கவில்லை; அவர்கள் திருப்பிக் கேட்டது எனக்கு விளங்கவில்லை. கடைசியில் தாள் வாங்கி, பள்ளியில் படித்த கட்டமைப்பு வாய்பாட்டை வரைந்தேன்: மூன்று கார்பன், நடுக் கார்பனில் ஓர் ஆக்சிஜன், அதன் நுனியில் ஹைட்ரஜன். மருந்தாளர் முகம் மலர்ந்தது. அந்த நாட்டில் யாருடனும் முழுமையாக ஒத்துப்போன என் முதல் உரையாடல் அதுதான். அவர் எடுத்துவந்தது 70 சதவீதம். மீதி 30 சதவீதம் தண்ணீராயிற்றே! 99 என்று எழுதிக் காட்டியதும் வேறு குப்பியைக் கொடுத்து, தீயின் படத்தைச் சுட்டிக்காட்டி எச்சரித்தார்.

சர்க்கரை ஆல்கஹாலில் எளிதில் கரையாது. அதனால் முதலில் காய்ச்சி வடித்த நீர். எதிர்வீட்டம்மா இஸ்திரிப் பெட்டிக்காக அதை வைத்திருந்தார். மெல்லிய பல்துலக்கியால் அந்த நீரைத் தொட்டுப் பிசுபிசுப்பை எடுத்துவிட்டு, பிறகு ஆல்கஹாலால் துலக்கினேன். அது நீரையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு ஆவியாகிவிடும். சன்னல் திறந்திருந்தது, அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

சனிக்கிழமை எதிர்வீட்டம்மாவே என்னைப் பக்கத்திலிருந்த சமூகக் கூடத்துக்கு அழைத்துப் போனார். ரிப்பேர் கஃபே என்று வாசலில் எழுதியிருந்தது. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண் பத்திரிகையாளர் தொடங்கிய இயக்கம் அது. பல நாடுகளில் பரவியிருக்கிறது. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் கருவிகளோடு உட்கார்ந்திருப்பார்கள், பழுதான பொருளோடு நாம் பக்கத்தில் உட்கார வேண்டும். என் மேசைக்கு வாய்த்தவர் பணி ஓய்வுபெற்ற ஒரு முதியவர். தாய்ப்பலகையை முழுவதும் வெளியே எடுத்துத் திருப்பினார். என் துலக்கி எட்டாத உலோகக் கவசத்துக்கு அடியில், மின்னிணைப்புத் துளைக்குப் பக்கத்தில், வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்கு. மூன்றே நாளில்! அவர் அதை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்துப் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார்.

மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் முன் தரவை எடுத்துவிடலாம் என்பது அவர் முடிவு. மிகச் சரியான முடிவு. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளமுள்ள எம்.2 சேமிப்பகம், அதாவது கோப்புகளெல்லாம் இருக்கும் சிறு அட்டை, தனியாகக் கழன்று வந்தது. பலகையோடு பற்றவைத்த வகையாக இருந்திருந்தால் அந்த வழியே இல்லை. அதை ஒரு யுஎஸ்பி உறைக்குள் செருகித் தன் கணினியில் மாட்டினார். பூட்டுப் படம் தோன்றியது. பிட்லாக்கர்: விண்டோஸில் சேமிப்பகத்தைக் குறியாக்கம் செய்து, திறவுகோல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி. 48 இலக்க மீட்புத் திறவுகோல் வேண்டுமாம்.

குறியாக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. பல கணினிகளில் முதல் நாளே அது தானாக இயங்கத் தொடங்கி, திறவுகோலை நம் இணையக் கணக்கில் சேமித்துவிடுகிறது. கைப்பேசியில் கணக்கைத் திறந்தேன். நான்தானா என்று உறுதிசெய்ய ஒரு குறியீட்டை அனுப்புவதாகச் சொன்னது. எந்த எண்ணுக்கு? ஊரில் பத்து ஆண்டுகள் வைத்திருந்த பழைய எண்ணுக்கு. கிளம்பும் அன்று அந்த சிம் அட்டையை அம்மாவின் பழைய கைப்பேசியில் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

அங்கே நள்ளிரவு. அம்மா எழுந்து, அலமாரியில் தேடி, சார்ஜில் போட்டு, கண்ணாடியை மாட்டுவதற்குள் முதல் குறியீடு காலாவதியானது. இரண்டாவதில் ஓர் இலக்கத்தை மாற்றி வாசித்துவிட்டார். "பதறாதே கண்ணு, நான் நிதானமாகப் படிக்கிறேன்" என்று என்னைத் தேற்றினார். மூன்றாவது சரியாக வந்தது. அம்மா மாதாமாதம் மறக்காமல் அந்த எண்ணுக்குப் பணம் கட்டியிருக்கிறார். "உன் நம்பர் அல்லவா, அது உயிரோடு இருக்கட்டும் என்று" என்றார். அந்த இரைச்சலான கூடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

திறவுகோல் திரையில் வந்தது: ஆறாறாக எட்டுத் தொகுதிகள். என் கைப்பேசியைப் பார்த்து நான் வாசிக்க, முதியவர் தட்டச்சு செய்தார். இந்த நாட்டு மொழியில். மொழி வகுப்பில் முதல் வாரம் படித்த பூச்சியம் முதல் ஒன்பது வரைதான், ஆனால் 48 முறை. தவறில்லாமல் சொன்னேன். கோப்புகள் திறந்தன. அப்பாவின் குரல் பதிவு ஒன்றை மட்டும் காதில் வைத்துப் பார்த்தேன். மீதியை எல்லாம் வேறொரு வட்டில் நகலெடுத்தோம்.

கணினியும் எழுந்துவிட்டது. விசைப்பலகை எழவில்லை. மூன்று மெல்லிய பிளாஸ்டிக் படலங்களுக்கு இடையில் தேநீர் புகுந்தால் அது பெரும்பாலும் தேறுவதில்லை. யாரோ ஒரு விசையை ஓயாமல் அமுக்குவதுபோல் நடந்துகொள்ளும். அதைப் பலகையோடு இணைக்கும் நாடாவைக் கழற்றிவிட்டு, வெளியே ஒரு விசைப்பலகையைச் செருகிச் சில வாரம் ஓட்டினேன். இங்கே கிடைக்கும் மாற்று விசைப்பலகை இந்த நாட்டு அமைப்பில் இருப்பது. அதன் என்டர் விசையின் வடிவமே வேறு, பழைய சட்டத்தில் பொருந்தாது. மேற்சட்டத்தோடு சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது.

முதியவர்தான் அதையும் பொருத்தினார். நான் கைவிளக்கைப் பிடித்தேன். மீட்புத் திறவுகோலை இப்போது தாளில் எழுதி வைத்திருக்கிறேன், கணக்கில் இந்த நாட்டு எண்ணையும் சேர்த்துவிட்டேன். பழைய எண்ணை நீக்கவில்லை. புதிய விசைப்பலகையில் சில எழுத்துகள் இடம் மாறியிருப்பதால் கடவுச்சொல்லை இன்னும் தப்பாக அடிக்கிறேன். தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் விரல்களுக்கு இடம் தெரியும், விசைமேல் எந்த எழுத்து அச்சிட்டிருக்கிறது என்று நான் பார்ப்பதேயில்லை. இதையும் அதில்தான் எழுதினேன்.